கொடி தூங்கும் நாட்டுக்கு விசா

தம்பிக்கு அம்மா எழுதுவது. நல்லா இருக்கிறாயா என்று கேட்கவில்லை. நேற்று போனில் உன் குரலைக் கேட்டேன், நல்லா இல்லை. வேலை முடிந்து வந்து, சாப்பிடக்கூட உட்காராமல், எனக்காக அந்த விசா வக்கீலிடம் பேசிவிட்டு அப்புறம் என்னிடம் பேசினாய். குரல் தேய்ந்து கிடந்தது. என் குரலும் உனக்கு அப்படித்தான் கேட்டிருக்கும். இந்த விசா நம் இரண்டு பேரையும் தேய்த்துவிட்டது.

நீ வாங்கச் சொன்ன காகிதம் வந்துவிட்டது. உன் அக்கா அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொல்லச் சொன்னேன். முதலில் மழுப்பினாள், விடாமல் கேட்டதும் சொன்னாள். எனக்குக் கொஞ்ச காலமாக ஞாபகம் தவறுகிறதாம். நடந்ததையும் நடக்காததையும் குழப்பிக்கொள்கிறேனாம். ஆகையால் விசா ஆபீசர் போனில் கேட்டபோது நான் சொன்ன பதில்களை நடந்த சங்கதியாக எடுத்துக்கொள்ளக் கூடாதாம். டாக்டர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திவிட்டார். கீழே, இதெல்லாம் சரிதான் என்று ஒப்புக்கொண்டு நான் கையெழுத்துப் போட ஒரு கோடு. "ஒரு கையெழுத்துத்தானம்மா" என்றாய். போனில் உன்னிடம் இதைப் பேச முடியாது. "சரிம்மா, சரிம்மா" என்பாய், அதற்குள் பிள்ளைகள் போனைப் பிடுங்கும். அதனால் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவள் எழுத்து மேலும் கீழும் போகும். உன் அக்கா படம் பிடித்து அனுப்புவாள். லீவு நாளில் உட்கார்ந்து படி.

நான் நியூசிலாந்துக்கு வரத் துடிப்பது உன்னையும் பிள்ளைகளையும் பார்க்கத்தான் என்று நீ நினைக்கிறாய். அது பாதி. மீதிப் பாதியை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. முதல் தடவை வந்தபோது விமான நிலையத்திலிருந்து உன் வீட்டுக்குக் காரில் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? ரோட்டின் இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம். ஒரு இலை இல்லை. கருத்துச் சுருண்ட கட்டைகள் வரிசை வரிசையாக நின்றன. உன் தோளைத் தட்டினேன்.

"ஏலே, வண்டிய நிப்பாட்டு. யாரு தோட்டம் இது? பூராவும் பட்டுப் போயி நிக்குதே."

"பட்டுப் போகலம்மா. தூங்குது."

"கொடி தூங்குமாக்கும்?"

"குளிர்காலம் முடியிற வரைக்கும் தூங்கும். இங்கன வருசத்துக்கு ஒரு காய்ப்புத்தான்."

சொல்லிவிட்டு நீ வண்டியை ஓட்டினாய். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அப்பாவை நினைத்து அழுகிறேன் என்று நினைத்து நீ பாட்டுப் போட்டுவிட்டாய். அப்பாவை நினைத்துத்தான் அழுதேன். ஆனால் நீ நினைத்த மாதிரி இல்லை.

நம் தோட்டத்துக் கொடி தூங்கி நீ பார்த்திருக்கிறாயா? காய் இறங்கினதும் கொஞ்ச நாள்தான். மறுபடி கொம்பை வெட்டிக் கவாத்து, மறுபடி துளிர், மறுபடி மருந்து, மறுபடி காய். வருஷத்துக்கு மூன்று தடவை. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே பந்தல். அதற்கு அடியில் அண்ணாந்தபடியே நின்று, கையைத் தூக்கியபடியே வெட்ட வேண்டும். உங்கப்பாவுக்குக் கழுத்துப் பிடித்தால் வண்டியில் போகிறவனைத் திரும்பிப் பார்க்கக்கூட முடியாது. கம்பம் பள்ளத்தாக்கில் எப்போது வந்தாலும் பன்னீர் திராட்சை கிடைக்கும் என்று சுற்றுலா வருகிறவர்கள் பந்தலுக்குள் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். கிடைக்கும். கொடியையும் மனிதரையும் உட்கார விடாமல் வேலை வாங்கினால் எல்லாம் கிடைக்கும்.

உங்கப்பா நம்மை விட்டுப் போன வருஷம் ஞாபகம் இருக்கும் உனக்கு. நீ கோயம்புத்தூரில் வேலையில் இருந்தாய். அந்தத் தடவை காய் பழுக்கிற நேரத்தில் மழை பிடித்து எல்லாம் வெடித்துப் போனது. கொடியும் மெலிந்து போயிருந்தது, கை விரல் தடிமனுக்குத் துளிர் வரவில்லை. உங்கப்பா சொன்னாக, "ஒரு போகம் வெட்டாம விடுவோம். கொடி கொஞ்சம் கெடக்கட்டும்." அதற்கு உன் பெரியப்பா, கவாத்துக்கு வந்திருந்த ஆட்கள் எல்லாரும் நிற்கும்போது, பந்தலுக்கடியில் வைத்துச் சொன்னாக.

"கொடியத் தூங்க விடப் போறியா? தூங்க விட்டுட்டு நீ என்னத்தத் திம்ப? பொண்டாட்டி வளவிய வித்துத் திம்பியா?"

ஆட்கள் சிரித்தார்கள். உங்கப்பா கத்திரியை எடுத்தாக. சாயங்காலம் வரைக்கும் கையைக் கீழே போடாமல் வெட்டினாக. பொழுது இறங்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மோட்டார் ரூமுக்கு முன்னால் கிடந்த கட்டிலில் படுத்தாக. ஜீப்புக்கு ஆள் ஓடியது. அதற்குள் என் கையைப் பிடித்துச் சொன்னாக: "பாத்தியாத்தா, அந்தக் கொடிக்கும் எனக்கும் ஒரு போகம் லீவு கெடைக்கல." அவ்வளவுதான். ஜீப் வந்தது, ஆள் இல்லை.

இப்போது உன் பெரியப்பா ஊரில் என்ன சொல்கிறாக தெரியுமா? "நான் அப்படி ஒரு சொல்லு சொல்லவே இல்ல. புருசன் போன கிறுக்குல அவளா இட்டுக்கட்டிச் சொல்றா." அன்றைக்குச் சிரித்த ஆட்களில் இரண்டு பேர் செத்துப் போனார்கள், மற்றவர்கள் எங்கே போனார்களோ. அந்தச் சொல்லைக் காதில் வாங்கி இன்னும் வைத்திருக்கிறவள் நான் ஒருத்திதான். உன் பெரியப்பா வீட்டில் நல்லது கெட்டது எதற்கும் நான் போகாததைப் பற்றி நீ இரண்டு தடவை குறைப்பட்டாய். இன்னும் போக மாட்டேன்.

இந்தக் கண்ணோடுதான் உன் நாட்டைப் பார்த்தேன். அங்கே கொடி தூங்குகிறது, அதை யாரும் கேலி பேசவில்லை. மழை பெய்தது, ஒருத்தரும் குடையும் சாக்குமாகத் தோட்டத்துக்கு ஓடவில்லை. நீங்கள் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு நான் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தத் தோட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். மத்தியானத்தில் நானே தூங்கிப் போவேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் பகலில் தூங்கியது பிரசவத்துக்குப் படுத்தபோது மட்டும்தான். அங்கே தூங்கி எழுந்தால் குற்றம் செய்த மாதிரி இல்லை. ஒரு நாட்டின் மேல் ஒருத்திக்கு எப்படிப் பிரியம் வரும் என்று கேட்டால் எனக்கு வேறு காரணம் சொல்லத் தெரியாது.

டோரீனை நீ அறிவாய். உன் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கத்துத் தோட்டக்காரி. என் வயசு, என்னை மாதிரியே ஆளில்லாதவள். அவள் கவாத்து வெட்டுவதை வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் பொறுக்கவில்லை. வேலிக்குள் நுழைந்து, சும்மா கிடந்த கத்திரியை எடுத்து, நம் ஊர் வெட்டாக நாலு கொடி வெட்டிவிட்டேன். அவள் "நோ நோ" என்று கத்திக்கொண்டு ஓடி வந்து கத்திரியைப் பிடுங்கிவிட்டாள். எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. அந்தப் பக்கமே பார்க்கவில்லை. அப்புறம் அவளே பிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு வேலியோரம் வந்தாள். கையைப் பிடித்துக் கூட்டிப் போய்க் காட்டினாள். நாம் எல்லாக் கொம்பையும் வெட்டி, எல்லாக் கொம்பிலும் காய் வாங்குவோம். அவள் இரண்டே கொம்பை விட்டு, கம்பியில் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று கட்டி, மற்றதெல்லாம் எடுத்துவிடுகிறாள். நெஞ்சு உயரத்தில் வேலை. கழுத்து நிமிர்ந்தே இருக்கும். உங்கப்பாவுக்கு இப்படி ஒரு தோட்டம் வாய்த்திருந்தால் என்று நினைத்துக்கொண்டே வெட்டினேன். அந்தக் குளிர்காலம் முழுக்கப் பகலில் போவேன், வருவேன். அவள் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவளுக்குப் புரியாது. இருந்தாலும் நாங்கள் பேசாத நாள் இல்லை.

கிளம்பும்போது தன் புருஷனுடைய கம்பளிக் கோட்டை எனக்குப் போட்டுவிட்டாள். இரண்டு பெட்டி ஆப்பிளும் கொடுத்தாள். கோட்டில் ஆட்டு நாற்றம் அடிக்கிறது என்று உன் பொண்டாட்டி அதை வீட்டுக்கு வெளியே தொங்கவிட்டாள். அது எனக்கு ஞாபகம் இருக்கிறது என்று அவளிடம் சொல்லு.

இரண்டாவது விசாவுக்கு எத்தனை அலைச்சல் அலைந்தோம். முதல் தடவை நீயே எல்லாவற்றையும் செய்தாய், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இந்தத் தடவை தேனியில் அந்த ஏஜென்ட். அவன் கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்குக் கால் வீங்கியது. போட்டோவில் காது தெரிய வேண்டும் என்றான். எடுத்துக்கொண்டு போனால், சிரிக்கக் கூடாது என்றான். நான் சிரிக்கவே இல்லை, என் வாய் அப்படி. மறுபடியும் பழனிசெட்டிபட்டி ஸ்டுடியோவுக்குப் போய் உம்மென்று உட்கார்ந்தேன். அப்புறம் ஆதாரில் ஒரு வயசு, ரேஷன் கார்டில் ஒரு வயசு. எது சரி என்று கேட்டான். இரண்டும் சரியில்லை, நான் புரட்டாசியில், மொச்சை பூத்த நேரத்தில் பிறந்தவள் என்றேன். "பாட்டி, அதை எப்படி கம்ப்யூட்டர்ல அடிக்கிறது?" என்று கேட்டான். திரும்பி வருவேன் என்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்றான். தோட்டத்துப் பட்டா, வீட்டு வரி ரசீது, கிராம அலுவலரிடம் ஒரு சான்று, எல்லாம் இங்கிலீஷில் மாற்றி, நோட்டரி கையெழுத்து வாங்கி. கம்பத்திலிருந்து தேனிக்கு நான் ஏறி இறங்கிய பஸ்ஸில் கண்டக்டர் நான் சொல்லாமலே டிக்கெட் கிழித்தார். எனக்குச் சலிப்பாக இருந்தது. இந்தக் காகிதத்தை எல்லாம் படிக்கப் போகிறவருக்கு என்னையும் தெரியாது, மொச்சைப் பூவும் தெரியாது. ஆனாலும் ஆசை விடவில்லை. முழங்கால் இன்னும் தாங்குகிறது, தாங்கும்போதே இன்னொரு குளிர்காலத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தேன்.

அப்புறம்தான் அந்த போன். "எந்நேரமும் கூப்புடுவாகம்மா, போனக் கையிலயே வச்சுக்க" என்று நீ சொல்லியிருந்தாய். வைத்திருந்தேன். மிளகாய் அரைக்க மாவு மில்லுக்குப் போயிருந்தபோது வந்தது. மில்காரர் மிஷினை நிறுத்திவிட்டார். எனக்குக் காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுக்கொடுத்ததும் அவர்தான். தூக்குவாளியும் சாக்குமாக உட்கார்ந்திருந்த பொம்பளைகள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டார்கள். அதில் கீழத்தெரு செல்லத்தாயும் இருந்தாள். நான் முதல் தடவை வந்து இறங்கினபோது, "மகன் வீட்ல ஆறு மாசம் சும்மா உக்காந்து தின்னுட்டுச் சத போட்டு வந்துருக்கா" என்று தெரு முழுக்கச் சொன்னவள். அந்தச் சொல்லுக்கு நான் இன்னும் பதில் கொடுத்திருக்கவில்லை.

போனில் ஆபீசர் இங்கிலீஷில் கேட்க, ஒரு பொம்பளை தமிழில் சொன்னது. சிலோன் தமிழ். தேனாக இருந்தது.

"வணக்கம் அம்மா. ஆபீசர் கேட்கிறதை நான் உங்களுக்குத் தமிழில சொல்லுவன். பயப்பிடாமல் கதையுங்கோ. எவ்வளவு காலம் அங்கை இருக்கப் போறீங்கள்?"

"அத எப்படித் தாயி இப்பயே சொல்றது? ஒரு வீட்டுக்குப் போகுமுன்னாலயே கெளம்புற நாளச் சொன்னா அவுக என்ன நெனப்பாக? மருமக இருங்கன்னா இருப்பேன், மூஞ்சியத் தூக்குனா கெளம்பிருவேன்."

மில்லில் எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பொம்பளை கொஞ்சம் தயங்கி, அதை இங்கிலீஷில் சொன்னது. அப்புறம் கேட்டது:

"போன முறை அங்கை இருக்கேக்கை பொழுதை என்னெண்டு போக்கினீங்கள்?"

தம்பி, நான் செல்லத்தாயைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"சும்மா உக்காந்து திங்கிற கையி இல்ல தாயி இது. கவாத்து வெட்டுனேன். ஒரு குளிர்காலம் பூராவும் ஒரு தோட்டத்துல நின்னேன்."

"ஆற்றை தோட்டம் அம்மா?"

"பக்கத்து வீட்டு டோரீன் தோட்டம்."

"அதுக்கு அவை உங்களுக்கு ஏதும் தந்தவையோ?"

"தராம அனுப்புவாகளா? ஆப்பிளு பொட்டி பொட்டியாக் குடுத்தாக. கம்பளிக் கோட்டு குடுத்தாக. கைநெறையக் குடுத்துத்தான் அனுப்புனாக."

பிறகு அந்தப் பொம்பளை, இங்கிலீஷில் எதுவும் சொல்லாமல், என்னிடம் மெதுவாகக் கேட்டது: "அம்மா, நான் கேட்ட கேள்வி உங்களுக்குச் சரியாய் விளங்கினதோ? வேணுமெண்டால் திருப்பிக் கேட்கிறன்."

"வெளங்காமலா? காதுதான் தாயி மந்தம். புத்தி இல்ல."

அது ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு இங்கிலீஷில் பேசியது. எனக்கு இப்போது தெரிகிறது, அந்த முகம் தெரியாத மகராசி எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. நான்தான் அதன் முகத்தில் சாத்திவிட்டேன். மில்லை விட்டு வெளியே வரும்போது தலை நிமிர்ந்து வந்தேன். செல்லத்தாய் என் மிளகாய்ச் சாக்கைத் தூக்கிவிட்டாள்.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். விசா இல்லை என்று உனக்கு மெயில் வந்தது. சுற்றிப் பார்க்க வந்தவள் கூலிக்கு வேலை பார்த்திருக்கிறாள் என்று எழுதியிருந்தார்கள். நீ போனில் கத்தினாய். நீ பிறந்ததிலிருந்து என்னிடம் அப்படிக் கத்தியதில்லை.

"ஏம்மா, டிவி பாத்தேன், பேரம்பேத்தியோட வெளையாண்டேன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? அதுக்கு என்ன வாய் வலிக்குமா?"

வாய் வலிக்காது. ஆனால் எனக்கு அது வராது. உனக்கும் வராது, யோசித்துப் பார். பள்ளிக்கூட லீவில் நீ படுத்துக் கிடந்தால், "ஆம்பளப் புள்ள பகல்ல படுத்தா பாக்குறவுக என்ன சொல்வாக" என்று எழுப்பி, மருந்து டின்னைக் கையில் கொடுத்தவள் நான். சும்மா இருந்தேன் என்று நாலு பேர் முன்னால் சொல்வது நமக்குத் திருடினேன் என்று சொல்வதைப் போல. அவர்கள் ஊரில் நேர்மாறாம். விருந்தாளி சும்மா இருப்பதுதான் ஒழுக்கம், கை வேலை செய்தால் குற்றம். இதை யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம். அந்த ஏஜென்ட் போட்டோவில் காது தெரிகிறதா என்று பார்த்தானே, இதைச் சொன்னானா?

வக்கீல் உனக்குச் சொன்ன வழிதான் இந்த டாக்டர் காகிதம். என்னைக் கேட்காமலே உன் அக்காவிடம் ஏற்பாடு செய்துவிட்டாய். தேனிக்குப் போகிற பஸ்ஸில் அவள் என் காதில் சொன்னாள், "கேக்குறதுக்குக் கொஞ்சம் மாத்தி மாத்திச் சொல்லும்மா." சரி என்றேன். பொய் சொல்லாதவள் இல்லை நான். அந்த நாட்டை இன்னொரு தடவை பார்க்க ஒரு பொய் சொன்னால் என்ன என்று நினைத்துக்கொண்டுதான் டாக்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

"இன்னைக்கு என்ன கெழமம்மா?"

பொய்யாக வியாழன் என்று சொல்ல வாயெடுத்தேன். சத்தியமாக. "செவ்வா" என்றுதான் வந்தது. "செவ்வாக்கெழம பயணம் வேணாம்னு சொன்னேன், இவதான் கேக்கல" என்றும் கூடவே வந்துவிட்டது. உன் அக்கா என் தொடையில் கிள்ளினாள். அவர் மூன்று வார்த்தை சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். மாடு, சாவி, மழை. வேறு என்னென்னவோ கேட்டுவிட்டு, அந்த மூன்றையும் திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். "நீங்க சாவின்னு சொல்லும்போது உங்க போன் அடிச்சுச்சு சார், எடுக்கல" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உன் அக்காவைப் பார்த்தார்.

"எம்புட்டோ பேரு ஞாபகம் நல்லாருக்குன்னு எழுதிக் குடுங்கன்னு வாராக. இல்லன்னு எழுதிக் கேட்டு வந்தது நீங்கதான்."

"நியூசிலாந்து விசாவுக்கு சார். தம்பி ரொம்பக் கஷ்டப்படுறான்."

அவர் சிரித்துக்கொண்டே எழுதினார். என்னைப் பார்க்காமல் எழுதினார். ரூமில் நான் இருக்கும்போதே, நான் இல்லாத மாதிரி, என் புத்தியைப் பற்றி இரண்டு பேரும் பேசி முடித்தார்கள். திரும்பி வரும்போது உன் அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ சொன்னதைச் செய்தாள்.

இப்போது சொல்கிறேன். அந்தக் கோட்டில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். உங்கப்பா திதி வரும்போதெல்லாம் நீ போன் பண்ணி, "அப்பா கடைசியா என்னம்மா சொன்னாக, இன்னொரு தடவ சொல்லு" என்று கேட்பாய். நான் சொல்வேன். நீ அங்கே இல்லாததால் உனக்கு அது என் வாய் வழியாகத்தான் இருக்கிறது. நடந்ததையும் நடக்காததையும் குழப்புகிறவள் இவள் என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டால், அடுத்த திதிக்கு நீ என்னிடம் எதைக் கேட்பாய்? உன் பெரியப்பா இத்தனை வருஷமாக வாயால் சொல்வதை நீ முத்திரையோடு எழுதி வாங்கிவிட்டாய். உனக்கு அது தோன்றவில்லை என்று எனக்குத் தெரியும். நீ விசாவைப் பார்த்தாய். நான் அந்தக் கட்டிலைப் பார்க்கிறேன்.

இன்னொரு வழி இருக்கிறது. வெட்டினது நான், கோட்டு வாங்கினது நான், சட்டம் தெரியாமல் செய்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று என் கையாலேயே எழுதித் தரலாம். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று கிளம்பினேன். அக்காதான் தடுத்தாள். அப்படி ஒப்புக்கொண்டால், என்னை அழைத்துப் பொறுப்பேற்றவன் நீ என்பதால் உன் பெயருக்கும் ஒரு கரும்புள்ளி விழலாம் என்று வக்கீல் சொன்னாராமே. அதை நீ என்னிடம் சொல்லவில்லை. நான் பயப்படுவேன் என்று மறைத்திருப்பாய். உன் குரல் ஏன் அப்படித் தேய்ந்திருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. உன் பிழைப்பில் கல்லைப் போட்டுவிட்டு நான் வந்து அங்கே எந்தக் கொடியைப் பார்க்கப் போகிறேன்?

அதனால் விட்டுவிடு. மறுபடி விண்ணப்பம் போடாதே. வக்கீலிடம் போதும் என்று சொல்லிவிடு. கோபத்தில் சொல்லவில்லை, வீம்புக்கும் சொல்லவில்லை. அலுத்துப் போய்ச் சொல்கிறேன். எனக்கு முகமே தெரியாத ஆட்களிடம் நான் திரும்பி வருவேன், நான் கூலிக்காரி இல்லை, நான் கிறுக்கி இல்லை என்று மாற்றி மாற்றி நிரூபித்துக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை. அந்த நாட்டின் மேல் வருத்தம் இல்லை. வாசலில் நிற்கிறவர்கள்தான் கேட்கிறார்கள், உள்ளே இருக்கிறவர்கள் டீ கொடுத்தார்கள். எனக்கு ஒரு குளிர்காலம் கிடைத்தது. உங்கப்பாவுக்கு அதுவும் இல்லை.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், அம்மா என்ற முறையில். கொடி தூங்குகிற நாட்டில் இருந்துகொண்டு நீ மட்டும் நம் ஊர்க் கொடி மாதிரி வருஷம் முழுக்கக் காய்க்கிறாய். பகலில் குளிர்பதனக் கிடங்கு, சனி ஞாயிறு வேறு வேலை, நடுவில் என் விசா. நான் இருந்த ஆறு மாதத்தில் நீ பகலில் கண்ணை மூடி நான் பார்க்கவில்லை. படுக்கிற பிள்ளையை எழுப்பி வளர்த்தேன், இப்போது சொல்கிறேன், படு. யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் அங்கே. உன் பெரியப்பா அங்கே இல்லை.

நாளைக்கு உன் அக்கா காகிதத்தை வாங்க வருவாள். கையெழுத்துப் போடாமல்தான் கொடுப்பேன். அவளைத் திட்டாதே. திட்டினால் என்னைத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன், அதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்கிறேன்.

பிள்ளைகள் கேட்கும். சின்னவள் போன வாரம்கூட, "அப்பத்தா, எப்ப வருவீக?" என்று கேட்டாள். நீ சமாளிப்பதற்காக, அப்பத்தாவுக்கு வயசாகிவிட்டது, உடம்பு முடியவில்லை, மறந்து போயிருப்பாள் என்று ஏதாவது சொல்லி வைக்காதே. அவர்களிடம் இப்படிச் சொல்லு: அப்பத்தாவுக்கு வர ஆசைதான். வருகிறேன் என்றுதான் சொன்னாள். ஒன்றையும் மறக்கவில்லை. அவளை உள்ளே விடவில்லை.

அம்மா